நெஞ்சுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

நகரி சித்தூர் மாவட்டத்தில் உள்ள ஊர். தமிழ்நாட்டின் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. தெருவில் நடந்தால் விசைத்தறியின் சத்தம் கேட்கும். அங்கே மக்கள் தமிழும் பேசுவார்கள், தெலுங்கும் பேசுவார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வீடு. வீட்டில் ஒரு ஆயா இருந்தார். மகன் தறி வேலைக்குப் போவான். மருமகள் வீட்டில் பாவு நூல் சுற்றுவாள். பேரனுக்கு ஒன்றரை வயது.

பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போனது. குழந்தை வாடிப் போனான். ஊரில் உள்ள ஆஷா பணியாளர் வந்து பார்த்தார். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்தார். அதோடு 14 மாத்திரைகளும் கொடுத்தார்.

“தினம் ஒண்ணு. 14 நாளைக்கு விடாமக் கொடுக்கணும்” என்றார்.

நான்காம் நாள் பேதி நின்றது. ஐந்தாம் நாள் மருமகள் மாத்திரையை எடுத்தாள்.

“பேதிதான் நின்னு போச்சே, இன்னும் எதுக்கும்மா மாத்திரை? பச்சப் புள்ள உடம்பு தாங்குமா?” என்றார் ஆயா.

“ஆஷாக்கா 14 நாளுன்னு சொன்னாங்க, அத்தை.”

“அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. மிச்சத்தை எடுத்து வை. அடுத்த தடவை பேதி வந்தா ஆகும்.”

பத்து மாத்திரைகள் மீதி இருந்தன. அவை அலமாரிக்குப் போயின.

ஆயா சொன்னது சரியா? அதைத் தெரிந்துகொள்ள, குழந்தையின் நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சிறிய உறுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் தைமஸ்.

தைமஸ் எங்கே இருக்கிறது?

நெஞ்சின் நடுவே கை வைத்துப் பாருங்கள். கெட்டியான எலும்பு ஒன்று தட்டுப்படும். அது மார்பெலும்பு. அந்த எலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் இருக்கிறது. அது மிருதுவானது. இரண்டு மடல்களாக இருக்கும்.

குழந்தை பிறக்கும்போது அதன் எடை சுமார் 10 முதல் 15 கிராம். பிறகு வளரும். பருவம் அடையும் வயதில் 30 முதல் 40 கிராம் வரை இருக்கும். அதன் பிறகு மெல்லச் சுருங்கும். வயதானவர்களுக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் கொழுப்புதான் இருக்கும்.

உடலில் மற்ற உறுப்புகள் வளர்ந்து பெரிதாகி நிற்கின்றன. இது மட்டும் ஏன் சிறு வயதில் பெரிதாக இருக்கிறது? இதன் வேலை என்ன? இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாருக்கும் நெடுங்காலம் பதில் தெரியவில்லை.

தெரியாமல் செய்த தவறு

பதில் தெரியாததால் ஒரு பெரிய தவறு நடந்தது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் இறந்த உடல்களை அறுத்துப் படித்தார்கள். அந்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். அரைவயிறு சாப்பிட்டு, நாள்பட்ட நோயில் கிடந்து இறந்தவர்கள் அவர்கள். பட்டினியிலும் நோயிலும் தைமஸ் வேகமாகச் சுருங்கிவிடும். ஆகவே மருத்துவர்கள் பார்த்த தைமஸ் எல்லாம் சிறிதாகவே இருந்தது. அதுதான் சரியான அளவு என்று அவர்கள் நினைத்தார்கள்.

சில குழந்தைகள் தூக்கத்தில் திடீரென்று இறந்துபோனார்கள். அவர்கள் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த குழந்தைகள். அவர்களுடைய தைமஸ் பெரிதாக இருந்தது. “தைமஸ் வீங்கி மூச்சுக்குழாயை அழுத்திவிட்டது” என்று மருத்துவர்கள் சொன்னார்கள். உண்மையில் அது வீக்கம் இல்லை. அதுதான் இயல்பான அளவு.

1907 முதல் அமெரிக்காவில் குழந்தைகளின் தைமஸைச் சுருக்க எக்ஸ்ரே கதிர் பாய்ச்சத் தொடங்கினார்கள். இது பல ஆண்டுகள் நடந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இப்படிச் செய்தார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பிற்காலத்தில் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வந்தது. 1950-இல்தான் இந்தத் தொடர்பு வெளியே தெரிந்தது.

ஏழையின் உடலில் பசி செய்த மாற்றத்தை இயல்பு என்று எண்ணியதால் வந்த வினை இது.

எலி சொன்ன பதில்

1961-ஆம் ஆண்டு. லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் வேலை செய்தார். அவருக்கு அப்போது வயது 30. சுண்டெலிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயைப் பற்றி அவர் ஆராய்ந்தார். அதற்காக, பிறந்த உடனே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்தார்.

சில வாரங்கள் குட்டிகள் நன்றாக இருந்தன. பிறகு இளைக்கத் தொடங்கின. அடுத்தடுத்து நோய்த்தொற்று வந்தது. பல குட்டிகள் இறந்தன. வேறு எலியின் தோலை எடுத்து அவற்றின் மேல் ஒட்டினார். பொதுவாக அந்நியத் தோலை உடல் ஏற்காது, தள்ளிவிடும். ஆனால் இந்தக் குட்டிகளின் உடல் அந்நியத் தோலை ஏற்றுக்கொண்டது. ‘இது என்னுடையது, அது அடுத்தவருடையது’ என்ற அறிவே அவற்றின் உடலில் இல்லை.

அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. நோயை எதிர்க்கும் சக்திக்குத் தைமஸ் வேண்டும்.

பள்ளிக்கூடமும் தேர்வும்

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டு. அவை உடலின் காவலர்கள். அவற்றில் ஒரு வகைக்கு டி செல் என்று பெயர். நோய்க்கிருமி புகுந்த செல்லைக் கண்டுபிடித்து அழிப்பது சில டி செல்களின் வேலை. மற்றக் காவலர்களை அழைத்து வேலை ஏவுவது வேறு சில டி செல்களின் வேலை.

டி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. பிறக்கும்போது அவற்றுக்கு எதுவும் தெரியாது. அவை ரத்தத்தின் வழியாகத் தைமஸுக்கு வருகின்றன. தைமஸ்தான் அவற்றின் பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு தேர்வுகள்.

முதல் தேர்வு: உடலின் செல்கள் காட்டும் அடையாளத்தைப் படிக்கத் தெரியுமா? தெரியாத செல்கள் அங்கேயே மடிந்துவிடும்.

இரண்டாம் தேர்வு: சொந்த உடலைத் தாக்குமா? தாக்கும் குணம் உள்ள செல்களும் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படும்.

முறத்தில் அரிசியைப் புடைக்கிறோம். உமியும் கல்லும் போகின்றன. நல்ல அரிசி நிற்கிறது. தைமஸும் அப்படித்தான். ஆனால் அது மிகவும் கண்டிப்பான முறம். உள்ளே வரும் 100 செல்களில் ஐந்துக்கும் குறைவானவையே தேறி வெளியே போகின்றன.

சில கெட்ட செல்கள் தப்பி வெளியே போய்விடுவதும் உண்டு. அவற்றை அடக்கி வைக்க இன்னொரு வகை டி செல் இருக்கிறது. காவலரைக் கண்காணிக்கும் காவலர் என்று அதைச் சொல்லலாம். அதை 1995-இல் ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி எடுத்துக் காட்டினார். இந்தத் துறையில் செய்த வேலைக்காக அவருக்கும் அமெரிக்காவைச் சேர்ந்த இருவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தைமஸின் ஹார்மோன்கள்

உடலில் ஓர் இடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, இன்னோர் இடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். அது தபால்காரரைப் போன்றது. தைமஸும் சில ஹார்மோன்களைத் தருகிறது.

1966-இல் அமெரிக்காவில் ஆலன் கோல்ட்ஸ்டீன், ஆபிரகாம் ஒயிட் ஆகிய இருவரும் கன்றுக்குட்டியின் தைமஸிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தார்கள். அதற்குத் தைமோசின் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரே பொருள் இல்லை, பல பொருள்களின் கலவை என்று பிறகு தெரிந்தது. அவற்றில் ஒன்று தைமோசின் ஆல்ஃபா 1. அமினோ அமிலம் என்ற மணிகள் 28 கோத்த சிறு மாலை அது. இன்று அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்கிறார்கள். சில நாடுகளில் மஞ்சள் காமாலை பி வகை நோய்க்கு மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள்.

1970-களில் பிரான்சில் ஜான்-பிரான்சுவா பாக் என்பவரும் அவர் குழுவினரும் இன்னொரு ஹார்மோனைக் கண்டார்கள். அதன் பெயர் தைமுலின். அது இன்னும் சிறியது. ஒன்பதே மணிகள் கொண்ட மாலை. இளம் டி செல்கள் முதிர்ந்து வேலைக்குத் தயாராக இது உதவுகிறது. வயது ஏற ஏற ரத்தத்தில் தைமுலின் குறைகிறது.

தைமுலினுக்கு ஒரு குணம் உண்டு. தனியாக இருந்தால் அது வேலை செய்யாது. ஒரு துத்தநாக அணு அதோடு சேர வேண்டும். 1982-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். சாவி இல்லாத பூட்டைப் போல, துத்தநாகம் இல்லாத தைமுலின் சும்மா கிடக்கும்.

துத்தநாகம் என்பதைத்தான் ஆங்கிலத்தில் ஜிங்க் என்கிறார்கள். இரும்பு வாளி துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூசுவதும் இதே துத்தநாகம்தான். நம் உடலுக்கும் அது மிகச் சிறிய அளவில் தினமும் வேண்டும்.

பீகாரிலிருந்து போன மருத்துவர்

துத்தநாகம் மனிதனுக்குத் தேவை என்று உலகத்துக்குச் சொன்னவர் ஓர் இந்தியர். அவர் பெயர் ஆனந்த பிரசாத். 1928-இல் பீகாரில் பக்ஸர் என்ற ஊரில் பிறந்தார். பாட்னாவில் மருத்துவம் படித்தார். மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார்.

1958-இல் அவர் ஈரான் நாட்டில் ஷிராஸ் நகரத்தில் வேலை செய்தார். அங்கே ஒரு நோயாளி வந்தார். வயது 21. பார்த்தால் பத்து வயதுப் பையனைப் போல இருந்தார். உயரம் இல்லை. மீசை முளைக்கவில்லை. ரத்தசோகை இருந்தது. அவர் சாப்பிட்டது பெரும்பாலும் கோதுமை ரொட்டி மட்டும். அதோடு மண்ணும் தின்றார். அவரைப் போலப் பலர் அந்தக் கிராமங்களில் இருந்தார்கள்.

ரொட்டி வயிற்றை நிரப்பியது. ஆனால் தானியத்தின் தவிட்டில் பைட்டேட் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடலுக்குள் சேர விடாது. இறைச்சியும் முட்டையும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு எகிப்திலும் பிரசாத் இதை ஆராய்ந்தார். துத்தநாகம் கொடுத்தபோது இளைஞர்கள் வளர்ந்தார்கள், பருவம் அடைந்தார்கள்.

1988-இல் பிரசாத்தின் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். உணவில் துத்தநாகம் சிறிது குறைந்தாலே ரத்தத்தில் தைமுலினின் வேலை குறைகிறது. துத்தநாகம் கொடுத்தால் மறுபடி சரியாகிறது. பிரசாத் 2022-இல் காலமானார்.

பேதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பேதியில் தண்ணீரும் உப்பும் மட்டும் போவதில்லை. துத்தநாகமும் போகிறது. ஏற்கெனவே சத்துக் குறைந்த குழந்தைக்கு அது இன்னும் குறைகிறது. குடலின் உள்தோல் புண்ணாகிறது. எதிர்ப்பு சக்தியும் தளர்கிறது. ஒரு பேதி நின்றதும் அடுத்த பேதி வருகிறது. குழந்தை மெலிகிறது. மெலிந்தால் தைமஸ் சுருங்குகிறது. தைமஸ் சுருங்கினால் மறுபடி நோய். இது செக்கு மாட்டைப் போலச் சுற்றிச் சுற்றி வரும்.

இந்தச் சுற்றை எங்கே அறுப்பது? டெல்லியில் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் 900 பேருக்கு மேல் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1995-இல் அதன் முடிவு வந்தது. துத்தநாகம் கொடுத்த குழந்தைகளுக்குப் பேதி சீக்கிரம் நின்றது. பிற நாடுகளிலும் ஆராய்ந்தார்கள். 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஒரு முடிவு சொன்னார்கள். பேதி வந்த குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாகமும் கொடுக்க வேண்டும்.

கரைசல் இன்றைய தாகத்தைத் தீர்க்கிறது. துத்தநாகம் பேதி சீக்கிரம் நிற்க உதவுகிறது. குடலை ஆற்றுகிறது. இழந்த சத்தைத் திருப்பித் தருகிறது. அதற்கு நாள் ஆகும். அதனால்தான் பேதி நின்ற பிறகும் 14 நாள் கணக்கு.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை தினம் 20 மில்லிகிராம். இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை தினம் 10 மில்லிகிராம். மாத்திரையை ஒரு கரண்டியில் வைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துப் புகட்டலாம். அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. கூடுதலானால் வாந்தி வரும். உடலில் செம்புச் சத்தும் குறையும்.

குழந்தையின் கண் குழி விழுந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலும் காத்திருக்கக் கூடாது. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு ஓடுகிறோம். அதே வேகத்தில் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

டி செல் குறைந்தால்

டி செல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எய்ட்ஸ் நோய் உலகத்துக்குக் காட்டியது. எச்.ஐ.வி. கிருமி டி செல்லில் ஒரு முக்கிய வகையைத் தாக்கி அழிக்கிறது. அப்போது காசநோய் போன்ற நோய்கள் எளிதாக வந்துவிடும். இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் 1986-இல் கண்டார்கள். சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்தம் சேகரித்தார்கள். சித்தூருக்குப் பக்கத்தில் உள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதைச் சோதித்தார்கள். 2004 முதல் இதற்கு அரசு இலவச மருந்து தருகிறது. மருந்து கிருமியை அடக்கினால், தைமஸ் புதிய டி செல்களை மெல்ல அனுப்பி வைக்கிறது.

பெரியவர்களுக்குத் தைமஸ் தேவையே இல்லை என்று நெடுநாள் நினைத்தார்கள். 2023-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு அதை மாற்றியது. தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் 100-க்கு சுமார் 8 பேர் இறந்தார்கள். அதே போன்ற அறுவை செய்து, தைமஸ் எடுக்காதவர்களில் 100-க்கு சுமார் 3 பேர் இறந்தார்கள். சுருங்கிய பள்ளிக்கூடமும் ஏதோ வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

திருப்பதியில் 2021-இல் குழந்தைகளுக்கென்று ஓர் இதய மருத்துவமனை திறந்தார்கள். பச்சைக் குழந்தையின் இதயத்தில் அறுவை செய்ய நெஞ்சைத் திறந்தால், இதயத்தை மூடியபடி முன்னால் நிற்பது தைமஸ்தான். எந்த ஊரிலும் இதய அறுவையின்போது அதில் ஒரு பகுதியை எடுக்க வேண்டி வரலாம். உயிரைக் காக்க அது தேவை. ஆனால் தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது இன்றைய அறிவு.

வீட்டிலேயே இருக்கும் சத்து

சித்தூர்ப் பக்கத்தில் வேர்க்கடலை விளைகிறது. அதில் துத்தநாகம் உண்டு. கேழ்வரகு, கொண்டைக்கடலை, பயறு, எள், முட்டை, இறைச்சி, பால் எல்லாவற்றிலும் உண்டு. பயறை முளைகட்டினால் பைட்டேட் குறையும். கேழ்வரகுக் கூழைப் புளிக்க வைத்தாலும் குறையும். அப்போது துத்தநாகம் உடலில் நன்றாகச் சேரும். கூழைப் புளிக்க வைத்த நம் பாட்டிமார் பைட்டேட் என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆனால் பழக்கம் நல்ல பழக்கம்.

கடையில் ‘எதிர்ப்பு சக்தி மருந்து’ என்று பல விற்கிறார்கள். அவற்றை நம்பிப் பணத்தை விடக் கூடாது. தைமஸ் ஹார்மோனை மருத்துவர் சொல்லாமல் யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது. குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். பிறகு தாய்ப்பாலோடு கலந்த உணவு. உரிய நாளில் தடுப்பூசி. சோப்புப் போட்டுக் கை கழுவுதல். இவையே போதும்.

மீதிப் பத்து மாத்திரை

மறுநாள் ஆஷா பணியாளர் நகரி வீட்டுக்கு வந்தார். மாத்திரை அலமாரியில் இருப்பதைப் பார்த்தார். கோபப்படவில்லை. ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆயா, தறியில பாவு அறுந்தா என்ன செய்வீங்க?”

“முடிச்சுப் போடுவேன்.”

“ஒரு இழைக்கு மட்டும் போட்டுட்டு, மத்ததை விட்டுட்டு ஓட்டுவீங்களா?”

“துணி ஓட்டையாப் போயிடுமே!”

“பேதி நின்னது முதல் முடிச்சு, ஆயா. குடல்ல இன்னும் இழை அறுந்து கிடக்கு. மீதி முடிச்சு இந்த மாத்திரையில இருக்கு.”

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

“நேத்து ஒண்ணு விட்டுப் போச்சு. பரவாயில்லையாம்மா?”

“பரவாயில்லை, ஆயா. ரெண்டாச் சேர்த்துக் கொடுக்காதீங்க. இன்னைக்கு ஒண்ணு, அப்புறம் தினம் ஒண்ணு. தீர்ற வரைக்கும்.”

மருமகள் மாத்திரையைக் கரைத்தாள். ஆயா சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினார். இரவுப் பள்ளியில் அவர் எண்கள் கற்றிருந்தார். பென்சிலை எடுத்து இன்றைய தேதியில் ஒரு கோடு போட்டார். அதிலிருந்து விரல் வைத்து எண்ணினார். பத்தாவது தேதியைச் சுற்றி வட்டம் போட்டார்.

“அது வரைக்கும் இவன் அழுதாலும் நான் பிடிச்சுக்கறேன். நீ ஊத்து” என்றார்.

நினைவில் வைப்போம்

தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. டி செல்களுக்குப் பயிற்சி தருகிறது.
தைமோசினும் தைமுலினும் தைமஸின் ஹார்மோன்கள்.
தைமுலின் வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும்.
பேதி வந்த குழந்தைக்குக் கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுக்க வேண்டும்.

கூடிப் பேசுவோம்

1. பேதி நின்ற பிறகும் மாத்திரையை ஏன் கொடுக்க வேண்டும்?
2. அந்தக் கால மருத்துவர்கள் தைமஸின் அளவைத் தவறாக எண்ணியது ஏன்?
3. உங்கள் வீட்டுச் சமையலில் துத்தநாகம் உள்ள உணவுகள் எவை? பட்டியல் எழுதுங்கள்.
4. உங்கள் ஊரில் இந்த மாத்திரை எங்கே கிடைக்கிறது? விசாரித்து எழுதுங்கள்.